முன்சக்கரத்து டைனமோவோடு இரண்டு ஆண்டுகள்

அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறேன் என்று சொன்னால், வெயிலுக்கு என்ன செய்வீர்கள், மழை வந்தால் எப்படி, சட்டை கசங்காதா என்றுதான் கேட்கிறார்கள். விளக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போக 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர் என்று வேலைநாள் தவறாமல் மிதிப்பவருக்கு வெயிலும் மழையும் சில மாதங்களில் பழகிவிடுகின்றன. கடைசிவரை எனக்குப் பழகாமல் இருந்தது, விளக்கைச் சார்ஜ் செய்ய வேண்டுமே என்ற நினைப்பு.

நான் முன்பு வைத்திருந்த பேட்டரி விளக்கு மட்டமானது அன்று. வெளிச்சம் தாராளமாக இருந்தது, கையடக்கமாகவும் இருந்தது. ஆனால் சைக்கிளை நிறுத்தும் இடத்திலெல்லாம் அதைக் கழற்றிப் பைக்குள் போட வேண்டும். கிளம்பும்போது மறுபடி மாட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட வேண்டும். காலையில் அதைச் சார்ஜரோடு விட்டுவிட்டுப் புறப்படாமல் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றாவது வாரத்துக்கு ஒருமுறை தவறியது. வேலை நீண்டுவிட்ட ஒரு மாலை, தெருவிளக்கு எரியாத பாலத்தின் ஏற்றத்தில், அந்த விளக்கு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. கைபேசியின் டார்ச்சை எரியவிட்டுச் சட்டைப்பையில் செருகிப் பார்த்தேன். அது சாலையை விட்டுவிட்டு, ஹேண்டில்பாரையும் ஏறியிறங்கும் என் முழங்கால்களையும் மட்டுமே காட்டியது. எஞ்சிய தொலைவைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அடுத்த மாதம் முன்சக்கரத்தில் ஹப் டைனமோ, அதாவது சக்கரம் சுற்றும்போதே விளக்குக்கு மின்சாரம் தரும் கருவி, ஏறியது.

இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டரும் ஓடியபின் அதைப் பற்றி எழுதுகிறேன். நான் வாங்கியது எந்த நிறுவனத்துடையது என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். ஷிமானோ, ‘சோன்’ என்ற பெயரில் விற்கும் ஜெர்மனியின் ஷ்மிட், எஸ்பி எனப் பலரும் இதைத் தயாரிக்கிறார்கள்; கீழே வரும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைப் பொருளுக்கே உரியவை.

டைனமோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, டயரின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து உரசிக்கொண்டு, இரைச்சலோடு சுழலும் அந்தக் குப்பிதான். அதைச் சாய்த்துவிட்டாலே கால் கனக்கும்; டயர் நனைந்துவிட்டால் அதன் தலை வழுக்கும், மழையிருட்டில் வெளிச்சம் மிக வேண்டியிருக்கும் நேரம் பார்த்து விளக்கு மங்கும்; சைக்கிள் நின்றால் அதுவும் அணையும். ஹப் டைனமோ எதையும் உரசுவதில்லை. வண்டிச் சக்கரத்தில் குடம் என்கிறோமே, சைக்கிளில் ஆரக்கம்பிகள் எல்லாம் வந்து கூடும் அந்த நடுப்பகுதிக்குள்ளேயே காந்தங்களும் செம்புக்கம்பிச் சுருளும் அடங்கியிருக்கின்றன. சுருள் அச்சோடு அசையாமல் நிற்க, காந்தங்கள் பதித்த கூடு சக்கரத்தோடு சுற்றுகிறது. காந்தம் அருகே அசைந்தால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலுக்கு மேல் இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிரிட்டனின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1930களிலேயே இத்தகைய குடத்தை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 6 வோல்ட், 3 வாட் என்பதே இதற்கு வகுக்கப்பட்ட அளவு. இழை பல்புகளின் காலத்தில் முன்விளக்கு 2.4 வாட்டையும் பின்விளக்கு 0.6 வாட்டையும் பங்கிட்டுக்கொண்டன. பின்பல்பு கருகிவிட்டால் அதன் பங்கும் முன்பல்பின் தலையில் ஏறி, சிறிது நேரத்தில் அதுவும் கருகும். எல்இடி வந்தபின் அதே 3 வாட்டில் கிடைக்கும் வெளிச்சம் பன்மடங்காகிவிட்டது, கருகும் தொல்லையும் போனது. இறக்கத்தில் வேகமாகப் போனால் மின்சாரம் எகிறி விளக்கைக் கெடுத்துவிடாதா என்று நான் முதலில் அஞ்சினேன். சுழற்சி கூடக்கூட அந்தச் சுருளே தன் வழியாக ஓடும் மின்னோட்டத்தை மேலும் மேலும் எதிர்ப்பதால், மின்னோட்டம் ஏறத்தாழ அரை ஆம்பியரில் தானாகவே நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்காகத் தனியாக ஒரு கருவியும் வைக்கத் தேவைப்படவில்லை என்பது, மின்னியல் அறிந்தவர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இது வாங்கிய அன்றே மாட்டிக்கொள்ளும் பொருள் அன்று. இருக்கும் முன்சக்கரத்தை முழுவதும் பிரித்து, புதிய குடத்தின் விளிம்பு பெரிதாக இருப்பதால் அதற்கேற்ற குட்டையான ஆரக்கம்பிகளை வாங்கி, மறுபடி கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். அல்லது டைனமோவோடு கோத்த சக்கரமாகவே வாங்க வேண்டும். ரிம்மில் எத்தனை துளைகள், ஃபோர்க்கின் இரு முனைகளுக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர்தானா, அச்சு எந்த வகை, பிரேக் ரிம்மைப் பிடிப்பதா டிஸ்க்கைப் பிடிப்பதா என்ற விவரங்களைக் குறித்துக்கொண்டு போகாவிட்டால் இரண்டாம் முறை அலைய நேரிடும். நான் அலைந்தேன்.

சக்கரம் கோக்கக் கொடுத்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மெக்கானிக் அச்சை விரல்களால் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். அது வழுவழுப்பாகச் சுற்றாமல், ஏதோ பல்சக்கரத்தில் மாட்டியதுபோலத் தட்டித் தட்டிச் சுற்றியது. “பேரிங் போயிருக்கு சார், பழசைத் தலையில கட்டிட்டாங்க” என்றார். உள்ளேயிருக்கும் காந்தங்கள் இரும்பைப் பிடித்துப் பிடித்து விடுவதால் எல்லா ஹப் டைனமோவும் கையில் அப்படித்தான் தட்டும் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. சக்கரமாகக் கோத்து, டயர் மாட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபின்தான் முகம் தெளிந்தார். வாங்குபவர்களுக்கும் இந்த ஐயம் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: அச்சில் தெரியும் அந்தத் தட்டல் சாலையில் சிறிதும் தெரிவதில்லை.

மிதிக்கக் கனமாக இருக்குமா என்பதுதான் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. விளக்கு அணைந்திருக்கும்போது குடம் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு வாட். எரியும்போது சுமார் ஐந்தாறு வாட். வேலைக்குப் போகும் நிதானத்தில் நாம் செலுத்தும் ஆற்றல் 80 முதல் 100 வாட் என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடம் பிடிக்கும் என் 8 கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுகிறது. சிவப்பு விளக்கு ஒன்றில் இழப்பதைவிட இது குறைவு. டயரில் காற்று சற்று இறங்கியிருந்தால் கால் அதை உடனே உணர்கிறது. விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை, கீழே பார்க்காமல், கால் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. எடை சாதாரணக் குடத்தைவிடச் சில நூறு கிராம் கூடுதல். மடிக்கணினியும் மதிய உணவும் கேரியரில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முன்விளக்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உண்மையில் டைனமோவைவிட அதிலேயே கவனம் வேண்டும் என்பது என் கருத்து. பேட்டரி விளக்குகளின் அட்டையில் லூமென் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். விளக்கிலிருந்து மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியேறுகிறது என்பதைத்தான் அது சொல்லும். அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதைச் சொல்லாது. டார்ச்சைப் போல வட்டமாக ஒளி வீசும் விளக்கில் பாதி வெளிச்சம் மரக்கிளைகளுக்கும் எதிரே வருபவரின் கண்களுக்கும் போய்விடுகிறது. டைனமோவுக்கென்று செய்யப்படும் விளக்குகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் போக்குவரத்து விதிக்கு ஏற்பச் செய்யப்படுபவை. 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் (ஓர் இடத்தில் போய் விழும் ஒளியின் அளவு) இருக்க வேண்டும், எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது என்று அந்த விதி கட்டாயப்படுத்துவதால், கண்ணாடிக் கிண்ணத்தின் வளைவையே அதற்கேற்ப அமைக்கிறார்கள். அந்த நாட்டில் 2013 வரை, எடை குறைந்த பந்தய சைக்கிள்களைத் தவிர மற்றவற்றுக்கு டைனமோ சட்டப்படியே கட்டாயமாக இருந்தது. இந்தப் பொருளில் அவர்கள் இவ்வளவு மெனக்கெட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 60 லக்ஸ் என்று குறிக்கப்பட்டது. சுவருக்கு எதிரே நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், கத்தியால் அறுத்ததுபோல ஒரு நேர்கோடு விழும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே ஏறக்குறைய இருள். அந்தக் கோடு சாலையில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே விளக்கின் பயன் இருக்கிறது. முதல் வாரம் அதைத் தாழ்த்தி வைத்திருந்தேன்; முன்சக்கரத்துக்கு நான்கு அடி முன்னால் வெளிச்சம் வெள்ளமாகக் கிடந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு விரற்கடை உயர்த்தியதும் சாலை நீண்டுவிட்டது. விளக்கை ஹேண்டில்பாரில் வைக்காமல் ஃபோர்க்கின் தலைப்பில் தாழ வைத்திருப்பதில் இன்னொரு வசதி உண்டு: ஒளி தாழ்ந்து கிடைமட்டமாகப் போவதால் சிறு பள்ளம்கூட நீண்ட கரிய நிழலாகத் தெரிகிறது, முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம். முன்னால் பையோ கூடையோ மாட்டுபவர்களும் விளக்கைத் தாழத்தான் வைக்க வேண்டும், இல்லையேல் பையின் நிழலைத் துரத்திக்கொண்டே வீடு போய்ச் சேர வேண்டியிருக்கும்.

இந்த வெட்டுக்கோட்டுக்கு ஒரு விலை உண்டு. மேல்நோக்கி ஒளி போவதே இல்லை. மழைக்குப் பின் நீரின் கனத்தில் தாழ்ந்து தொங்கிய ஒரு கிளையை நான் கன்னத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். குறுகிய திருப்பங்களிலும் இதே சிக்கல்: நாம் திரும்பப்போகும் பக்கம் இருண்டிருக்க, போகாத பக்கம் வெளிச்சமாக இருக்கும். நனைந்த தார்ச்சாலையில் எந்த விளக்கும் தோற்றுப்போகிறது, இதுவும் அப்படியே. ஒளி நீர்ப்பரப்பில் பட்டு முன்னோக்கிப் போய்விடுவதால் நம் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். அந்த நாட்களில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

நின்றால் அணைந்துவிடும் என்ற பழைய குறை இப்போது இல்லை. முன்விளக்கிலும் பின்விளக்கிலும் மின்தேக்கி ஒன்று இருக்கிறது; சில நிமிடங்கள் ஓட்டியதும் அது நிறைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது முன்விளக்கு மங்கலாகவும், பின்விளக்கு ஏறக்குறைய முழு ஒளியோடும் நான்கைந்து நிமிடம் எரிந்துகொண்டிருக்கும். வீட்டு வாசலில் பூட்டிவிட்டு உள்ளே வந்து, சட்டை மாற்றி, தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால், பின்மட்கார்டில் அந்தச் சிவப்புப் புள்ளி இன்னும் உயிரோடு இருக்கும். முதல் நாட்களில் அதை அணைக்க மறந்துவிட்டேனோ என்று இறங்கிப்போய்ப் பார்த்திருக்கிறேன். புறப்படும்போதுதான் குறை: இரவெல்லாம் நின்ற சைக்கிளில் மின்தேக்கி காலியாக இருக்கும், முதல் சில அடிகளுக்கு வெளிச்சம் இராது.

மிக மெதுவாகப் போகும்போது விளக்கு துடிக்கும். என் குடத்தில் 28 காந்த முனைகள் இருப்பதால், நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில், நொடிக்கு ஏறத்தாழ 18 முறை வெளிச்சம் ஏறியிறங்குகிறது. பாதசாரிகள் நடக்கும் சுரங்கப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், சுவரெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 50 முறையைத் தாண்டிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெரிசலில் ஊர்ந்து போகும் இடங்களில் இது கண்ணை உறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை விளக்கு எரியாமல் போனது. இரண்டு முறையும் டைனமோ குற்றவாளி அன்று, ஒயர்தான். பின்விளக்குக்குப் போகும் மெல்லிய இரட்டைக் கம்பி, ஃபிரேமின் அடிப்புறமாகப் போய் மட்கார்டுக்குள் நுழையும் இடத்தில் உரசி உரசி அறுந்தது முதல் முறை. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. கண்டுபிடித்தபின் சரிசெய்ய ஐந்து நிமிடம். இரண்டாவது என் தவறு. பஞ்சர் ஒட்ட முன்சக்கரத்தைக் கழற்றும்போது, அச்சின் முனையில் இருக்கும் பிளக்கை முதலில் உருவ வேண்டும் என்பதை மறந்து சக்கரத்தை இழுத்துவிட்டேன். கம்பி பிளக்கிலிருந்து பிய்ந்து கையோடு வந்தது. அதில் நல்ல செய்தி, அந்தப் பிளக்குக்குள் பற்றவைப்பு எதுவும் இல்லை என்பது. கம்பியின் நுனியைச் சீவி, முறுக்கி, உள்ளே வளைத்து மூடியை அழுத்தினால் போதும், சாலையோரத்திலேயே செய்துமுடித்தேன். குடத்தைத் திறப்பது மட்டும் வேறு விஷயம். உள்ளே மெல்லிய கம்பி அச்சின் வழியாக வெளியே வருவதால், சாதாரணக் குடத்தை ஓவராயில் செய்வதுபோல இதைப் பிரிக்கக் கூடாது. கம்பி அறுந்தால் குடமே வீண்.

சைக்கிள் ஓட்டியபடியே கைபேசியைச் சார்ஜ் செய்யலாம் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி, அதற்கான யூஎஸ்பி இணைப்பும் வாங்கினேன். அது வீண்செலவு. நல்ல வேகத்தில் கிடைப்பது சுமார் இரண்டரை வாட். இன்றைய கைபேசியின் பேட்டரி 15 முதல் 19 வாட்-மணி கொள்ளும். நிற்காமல் ஆறு ஏழு மணி நேரம் மிதித்தால் நிறையும் என்பது நெடும்பயணம் போகிறவர்களுக்குப் பொருந்தலாம். 24 நிமிடப் பயணத்தில், அதுவும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிக்னல் உள்ள சாலையில், நான்கைந்து விழுக்காடு ஏறினால் பெரிது. தவிரவும் இருட்டில் விளக்கை எரியவிட்டால் அதுவும் கிடைக்காது. இணைப்பு இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

எதிர்பாராமல் கிடைத்த பயன் ஒன்று உண்டு. விளக்கைச் சிக்கனமாக எரிக்க வேண்டிய தேவை போய்விட்டதால், பகலிலும் அதை அணைப்பதில்லை. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 2004-05இல் 3,845 சைக்கிள்காரர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது; சக்கரத்துக் காந்தத்தால் எந்நேரமும் எரியும் விளக்குகளை அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பொருத்தி ஓராண்டு கவனித்ததில், காயம் ஏற்பட்ட விபத்துகள் அவர்களிடையே 19 விழுக்காடு குறைவாக இருந்தன. விபத்துகளைத் தெரிவித்தவர்கள் பங்கேற்றவர்களே என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆனால் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவைத் திறப்பவர்கள், சந்திலிருந்து எட்டிப்பார்த்து வெளியே வருபவர்கள் ஆகியோர் பட்டப்பகலில் என்னைச் சற்று முன்னதாகவே பார்த்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடமும், முன்விளக்கும், பின்விளக்கும், சக்கரம் கோக்கும் கூலியும் சேர்ந்தால், தரமான பேட்டரி விளக்குகள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். மாதத்தில் நான்கு நாள் மட்டும் இருட்டில் ஓட்டுபவருக்கு இது தேவையில்லை. இரண்டு மூன்று சைக்கிள்களை மாற்றி மாற்றி எடுப்பவருக்கும் பொருந்தாது, ஏனெனில் விளக்கு ஒரே சைக்கிளோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சைக்கிளையே தூக்கிப்போய்விடக்கூடிய இடத்தில் நிறுத்துபவர் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். நான் அதற்காகவே இரண்டாவது பூட்டு ஒன்றைச் சுமக்கிறேன். நாள்தோறும் ஒரே சைக்கிளில் ஒரே வழியில் போய்வருபவர், அதுவும் என்னைப்போல மறதி உள்ளவர் என்றால், சக்கரத்துக்கு எப்படியும் கோட்டம் எடுக்கும் காலம் வரும்போது இதையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

பழைய பேட்டரி விளக்கை நான் தூக்கியெறியவில்லை. ஒயர் மறுபடி அறுந்தால் உதவும் என்று பையின் அடியில் போட்டுவைத்திருக்கிறேன். அதை எப்போது கடைசியாகச் சார்ஜ் செய்தேன் என்பது நினைவில் இல்லை.